விலக்கு அளிப்பதும் விலக்கி வைப்பதும்



சென்ற மாதம் தேவாரத்தில் நம் உறவினர் வீட்டில் ஒரு வலீமா. லுஹர் தொழுகைக்குப் பின் விருந்து முடிந்தது. மேற்கே மலைமீது மேகம் இறங்கத் தொடங்கிய வேளையில் நெருங்கிய உறவினர்கள் மட்டும் முன்கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று அங்கேயே குடியுரிமை பெற்றுவிட்ட மாமு ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனை முடிந்து, படையில் சேர வேண்டிய நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. மகள் அவனைவிட ஒரு வயது இளையவள். ஆயினும் அண்ணன் சேவை முடித்துத் திரும்புவதற்கு முன்பே தங்கை பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடுவாள்.

"ரெண்டும் நான் பெத்த புள்ளைங்கதான். ஒருத்தன்கிட்ட மட்டும் ரெண்டு வருசத்தை எடுத்துக்கிறாங்க. பொம்பளப் புள்ளைங்களையும் எடுத்தா என்னன்னு அங்க நெறையப் பேரு கேக்குறாங்க" என்றார் மாமி.

பெரியத்தா உடனே மறுத்தார். "பொம்பளப் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்புறதா? மார்க்கத்துல அதுக்கு எடமே இல்லம்மா."

கூடத்தில் இருந்த அனைவரும் தலையசைத்தோம். நாமும்தான். அப்போது ஏலத்தேநீர்த் தட்டோடு வந்து நின்ற அவ்வீட்டுப் பெண், "அப்ப நான் கேம்ப்புக்குப் போறதுக்கும் எடமில்லையா பெரியத்தா?" என்று கேட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள், என்.சி.சி.யில் இருப்பவள். பத்து நாள் பயிற்சி முகாமுக்கான ஒப்புதல் படிவம் ஒரு வாரமாக அவளுடைய அத்தாவின் மேசையில் கையொப்பம் இல்லாமல் கிடந்தது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே வாக்கியத்தைக் கொண்டு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டோம் என்பது அன்றிரவுதான் நமக்கு உறைத்தது. பெண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. விரும்பிச் செல்லும் பெண்ணைத் தடுக்கலாமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு நாம் சொல்லும் "கூடாது" சரியானதே என்று இன்றும் நம்புகிறோம். அதையே இரண்டாவதற்கும் நீட்டியது பிழை. அதைக் குறித்தே இதை எழுதுகிறோம்.

முதலில் மாமியின் கேள்வி. அது பொறாமையில் பிறந்த கேள்வி அன்று. சிங்கப்பூரில் 1967-ஆம் ஆண்டு தேசிய சேவைச் சட்டத்திருத்தம் நிறைவேறியது முதல் அந்நாட்டின் ஆண்மக்கள் பதினெட்டு வயதில் படையிலோ, காவல்துறையிலோ, குடிமைத் தற்காப்புப் படையிலோ முழுநேரமாகப் பணியாற்ற வேண்டும். முன்பு இரண்டரை ஆண்டுகளாக இருந்த காலம் 2004-இல் இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் விடுதலை இல்லை. பல ஆண்டுகளுக்கு அவ்வப்போது பயிற்சிக்கு அழைப்பு வரும். வேலையையும் குடும்பத்தையும் விட்டுச் செல்ல வேண்டும். தவறினால் சிறைத்தண்டனையும் உண்டு. பெற்றோரோடு நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளைகளையும் இந்தக் கடமை சாரும். நம் தமிழகக் குடும்பங்கள் பல இதைச் சரிவர எண்ணிப் பாராமலேயே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் கலங்குவதைக் கண்டிருக்கிறோம்.

பெண்களுக்கு இந்தக் கடமை இல்லை. அங்கே பிறப்பு விகிதம் வீழ்ந்துகொண்டே வருகிறது. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூட இல்லை என்ற நிலை வந்தது. படைக்கு வரும் இளைஞர் தொகை குறையும்போது பெண்களையும் அழைத்தால் என்ன என்ற பேச்சு தானே எழுகிறது. ஆணும் பெண்ணும் சமம் எனில் சுமையும் சமம்தானே என்று கேட்போரும் உண்டு. 2022-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் இக்கேள்வி வந்தபோது, அன்றைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென், பெண்களைக் கட்டாயமாகச் சேர்ப்பதால் சமூகம் கொடுக்க வேண்டிய விலை கிடைக்கும் பயனைவிட மிக அதிகம் என்ற கருத்தில் பதிலளித்தார். தேசிய சேவை இருப்பது நாட்டின் பாதுகாப்புத் தேவைக்காக. ஆண்பெண் சமத்துவத்தை நிறுவிக் காட்டுவதற்காக அன்று என்பதே அரசின் நிலைப்பாடு. விரும்பும் பெண்களுக்கு அங்கே வழி அடைக்கப்படவும் இல்லை. நிரந்தரப் பணியில் சேரலாம். 2014-இல் அமைக்கப்பட்ட தொண்டூழியப் படையிலும் சேரலாம்.

இந்த வாதத்தில் நமக்குப் பெரும்பாலும் உடன்பாடே. சமம் என்பதற்கு ஒருவர் சுமப்பதையே மற்றவரும் சுமக்க வேண்டும் என்று பொருளில்லை. இரண்டு ஆண்டுகளை இழக்கும் மகனுக்கு நியாயம் செய்ய விரும்பினால் அவனுக்குரிய ஊதியத்தை உயர்த்தலாம், படிப்பில் சலுகை தரலாம், வேலையில் அந்த இரண்டு ஆண்டுகளையும் அனுபவமாகக் கணக்கிடலாம். தங்கையின் இரண்டு ஆண்டுகளையும் பறித்துவிட்டால் அண்ணனுக்கு எதுவும் திரும்பக் கிடைத்துவிடாது. மாமி இதைக் கேட்டுவிட்டு, "அது சரிதான், ஆனா என் மகனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் நம்மிடம் நிற்கிறது.

இனி, மார்க்கத்தில் இடமில்லை என்று பெரியத்தா சொன்னது. அவர் சொன்னதில் பாதி மிகச் சரி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பெண்களுக்கும் ஜிஹாத் உண்டா என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜை அவர்களுக்குரியதாகச் சுட்டிக்காட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. போரிடும் கடமை பெண்மீது இல்லை. இது அவளுடைய தகுதிக் குறைவால் வந்ததன்று. அவளுக்குத் தரப்பட்ட இறக்கம். நம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நூல்களும் இதையே கூறுகின்றன. ஆயினும் அதே நூல்கள், எதிரி ஊருக்குள் புகுந்துவிட்டால் காப்பது அனைவர்மீதும் ஃபர்ளு ஐன் ஆகிவிடும் என்றும், அப்போது பெண் கணவனின் அனுமதியைக்கூட எதிர்பாராமல் புறப்படலாம் என்றும் கூறுகின்றன. ஆக, வாசல் மூடப்பட்டிருக்கவில்லை. கடமை மட்டுமே இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

உஹதுப் போர்க்களத்திற்கு நுஸைபா பின்த் கஅப் (ரலி), அதாவது நாம் உம்மு உமாரா என்று அறியும் ஸஹாபிப் பெண்மணி, தண்ணீர்த் தோற்பையோடுதான் சென்றார்கள். களம் தடுமாறி நபியவர்களைச் சுற்றி ஆட்கள் குறைந்தபோது வாளேந்தி நின்றார்கள். உடல் முழுதும் காயம் பட்டார்கள். அவர்களை யாரும் படையில் சேருமாறு கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்குப் போ என்று விரட்டவும் இல்லை. உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்கள், கடல் கடந்து செல்லும் படையில் தாமும் இடம்பெற வேண்டும் என்று நபியவர்களிடம் துஆ கேட்டுப் பெற்றார்கள். பின்னாளில் சைப்ரஸ் தீவுக்குச் சென்ற படையோடு சென்று அங்கேயே மறைந்தார்கள். லார்னகா நகருக்கு அருகில் அவர்கள் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது துஆ. நம் வீட்டுப் பெண் கேட்டபோது நாம் கொடுத்தது மௌனம்.

ஆண்களின் விஷயத்திலும் அந்தச் சமூகம் படைச் சேவையைக் கண்மூடித்தனமாக நடத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படைப் பட்டியலில் பெயர் எழுதப்பட்ட ஒருவர், தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டதாக நபியவர்களிடம் கூறியபோது, மனைவியோடு ஹஜ்ஜுக்குச் செல்லுமாறு அவரை அனுப்பிவிட்டார்கள். போருக்கு வர அனுமதி கேட்ட இன்னொருவரிடம் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு திருப்பி அனுப்பினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுக்கு வந்தபோது ஏற்கப்படவில்லை; அடுத்து அகழ்ப் போரின்போதுதான் ஏற்கப்பட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் இரவுப் புலம்பலைக் கேட்டு, மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. யார் போகிறார், வீட்டில் யார் காத்திருக்கிறார், போகிறவர் எத்தனை வயதினர் என்றெல்லாம் கேட்ட பின்பே சுமை வைக்கப்பட்டது. கட்டாயச் சேவை பற்றிப் பேசும் எந்த அரசும் முதலில் கேட்க வேண்டியவை இவை.

கட்டாயம் இந்த வரம்பையெல்லாம் மீறும்போது என்ன நடக்கும் என்பதைத் தமிழ் பேசும் மக்கள் அண்மைக் காலத்திலேயே கண்டுவிட்டனர். இலங்கைப் போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் சேர்த்தனர். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு பார்க்கவில்லை. மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பெற்றோர் படித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அவசர அவசரமாகத் திருமணம் முடித்தனர். வீட்டுக்குள் குழி தோண்டிப் பிள்ளைகளை ஒளித்தவர்களும் உண்டு. அதே இயக்கத்தில் தாமாக விரும்பிச் சேர்ந்த பெண்களும் முன்பு இருந்தனர். அது வேறு கதை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு விரட்டப்பட்ட நம் சகோதரர்களின் துயரம் நமக்குத் தெரியும். அதை நினைவில் கொண்டே சொல்கிறோம்: வன்னித் தாய்மார்களின் துயரமும் நம் துயரமே. பெண்களையும் சேர்த்துக்கொண்டதால் அந்தக் கட்டாயம் சமத்துவம் ஆகிவிடவில்லை; ஒரு வீட்டில் பறிக்கத்தக்க பிள்ளைகளின் எண்ணிக்கைதான் கூடியது.

எல்லாக் கட்டாயமும் இப்படித்தான் என்று சொல்லவரவில்லை. மலேசியாவில் 2004 முதல் 2018 வரை நடந்த தேசியச் சேவைப் பயிற்சித் திட்டத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் ஆண்களோடு பெண்களும் மூன்று மாதம் முகாமில் தங்கினர். தலைமுக்காடு அணிந்த முஸ்லிம் பெண்களும், நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அவர்களில் இருந்தனர். அது போருக்கான சேவையன்று, பயிற்சி. 2025-இல் குறுகிய கால வடிவில் அத்திட்டம் மீண்டும் தொடங்கியிருக்கிறது. நார்வே 2015 முதல் ஆண், பெண் இருபாலரையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் அங்கே ஒவ்வோர் ஆண்டும் தகுதி வயதை அடைவோரில் ஒரு சிறு பகுதியினரே உண்மையில் சேர்க்கப்படுகின்றனர். அவர்களைத் தேர்வதில் விருப்பமும் பார்க்கப்படுகிறது. டென்மார்க்கும் 2025-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. செல்வமும் குறைந்த மக்கள்தொகையும் உள்ள அந்நாடுகளின் ஏற்பாட்டை அப்படியே எடுத்து வைத்து நம்மிடம் வாதிடுவோர், அங்கே பேறுகால விடுப்பும் குழந்தைப் பராமரிப்பும் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பேசினால் நன்று.

இவற்றையெல்லாம்விட நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது சிங்கப்பூரின் இன்னொரு வரலாறு. 1967-இல் தேசிய சேவை தொடங்கியபோது மலாய் முஸ்லிம் இளைஞர்களில் பெரும்பாலோர் அழைக்கப்படவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் பாக்கியசாலிகள். ஊரார் பிள்ளைகள் வெயிலில் அணிவகுக்கும்போது இவர்கள் வீட்டில் இருந்தனர். ஆனால் வேலை கேட்டுச் சென்ற இடத்தில் சேவையை முடித்துவிட்டாயா என்று கேட்டனர். முடிக்கவும் இல்லை, முறைப்படி விலக்குச் சீட்டும் இல்லை. எந்நாளும் அழைப்பு வரலாம் என்று முதலாளிகள் தயங்கினர். அதைவிட ஆழமாகத் தைத்தது, எங்களை நம்பவில்லை என்ற உணர்வு. பின்னர் படிப்படியாக அவர்கள் அழைக்கப்பட்டனர். 1987-இல் அன்று அமைச்சராக இருந்த லீ சியன் லூங், மார்க்க உணர்வுக்கும் நாட்டுப்பற்றுக்கும் மோதல் வரக்கூடிய இடங்களில் மலாய் வீரர்களை வைப்பதில் உள்ள தயக்கத்தை வெளிப்படையாகப் பேசியபோது அந்தப் பழைய காயம் மீண்டும் திறந்தது.

பெண்களைக் கட்டாயச் சேவையில் சேர்க்க வேண்டும் என்போரின் வாதங்களில் நம்மை உண்மையில் அசைப்பது இதுதான். சுமையிலிருந்து விலக்கப்பட்டவர், நாளடைவில் மதிப்பிலிருந்தும் விலக்கப்படுவார் என்கிறார்கள். மலாய் இளைஞர்களுக்கு நேர்ந்தது பெண்களுக்கும் நேராதா? நேரும், நேர்ந்தும் இருக்கிறது. நம் நாட்டிலேயே, பெண் அதிகாரிகளுக்கு ராணுவத்தில் நிரந்தரப் பணி வழங்கும் வழக்கில், கிராமப்புறத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண் அதிகாரியின் ஆணையை ஏற்க மனத்தளவில் பழகவில்லை என்று அரசுத் தரப்பில் வாதிடப்பட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, நிரந்தரப் பணி வழங்குமாறு தீர்ப்பளித்தது.

ஆனால் இதற்குத் தீர்வு கட்டாயமா? நம் எண்ணத்தில், விலக்கு அளிப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு. மலாய் இளைஞருக்கு நடந்தது இரண்டாவது. வர விரும்பியவனுக்கும் வாசல் திறக்கவில்லை. விலக்கு அளிப்பது என்றால், வராதவரைக் குறைத்து எண்ணாமல், வருபவரைத் தடுக்காமல் இருப்பது. உம்மு உமாரா (ரலி) அவர்களின் காலத்துப் பெண்களுக்குக் கிடைத்தது அதுவே. நாமோ மார்க்கம் அளித்த விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு, நம் பெண்களை விலக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு ஒரு சமூகத்துக்குச் செய்தால் அதை அவநம்பிக்கை என்கிறோம். வீட்டுக்குள் நாம் செய்தால் அதற்குப் பேணுதல் என்று பெயர்.

இந்தியாவில் கட்டாயப் படைச் சேவை இல்லை. இக்கேள்வி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்கிறது. அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் வேறுபாடு காட்டக் கூடாது. அப்பட்டியலில் பால் இடம்பெறவில்லை. 1976-இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளிலோ, அழைக்கும்போது நாட்டுக்குச் சேவை செய்வது குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உரியது என்று உள்ளது. சீனப் போருக்குப் பின், 1963 முதல் சில ஆண்டுகள் கல்லூரி மாணவருக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டதை நம் பெரியவர்களில் சிலர் நினைவுகூர்வார்கள். 1968-இல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. நாளை இத்தகைய பேச்சு மீண்டும் எழாது என்று யாரும் உறுதி கூற முடியாது. எழும்போது நம் சமூகம் சொல்லும் "கூடாது" மதிக்கப்பட வேண்டுமானால், விரும்பிச் சென்ற நம் பெண்கள் சிலரேனும் அங்கே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், இவர்கள் எதற்கும் வராதவர்கள் என்ற ஒரே சொல்லில் நம் வாதம் அடங்கிவிடும்.

அப்படிச் சென்றவர்கள் இல்லாமல் இல்லை. 1943-இல் இதே சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் தமிழகத்திலிருந்து சென்ற மருத்துவர் லட்சுமி. அதில் சேர்ந்தோரில் மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர். எல்லாரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். நம் காலத்தில் கர்னல் சோஃபியா குரேஷி, 2025 மே மாதம் நாட்டின் சார்பில் செய்தியாளர்முன் அமர்ந்து ராணுவ நடவடிக்கையை விளக்கியதை வீட்டுக்கு வீடு பார்த்தோம். அடுத்த சில நாட்களிலேயே ஒரு மாநில அமைச்சர் அவரைக் குறித்து இழிவாகப் பேசியதையும், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதியச் சொன்னதையும் பார்த்தோம். படை உடுப்பு அணிந்த பின்னும் அவமதிப்பு வந்தது உண்மை. ஆனால் அதற்கு நாடே பதில் சொன்னது. அவர் அங்கே இருந்ததால்தான் சொன்னது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் பதினேழு பேர் அதே மே மாத இறுதியில் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

உடுப்பு, தலைமுக்காடு, தொழுகை, தனித் தங்குமிடம் ஆகியவை பற்றிய அச்சம் பொய்யன்று. சிங்கப்பூரில் முஸ்லிம் செவிலியர் பணியில் தலைமுக்காடு அணிய அனுமதி கிடைத்ததே 2021 நவம்பரில்தான். காவல்துறை, ஆயுதப்படை உடுப்புகளுக்கு அது பொருந்தாது. பெண்களைக் கட்டாயமாகச் சேர்த்தால் மார்க்கம் பேணும் ஒரு பெண் சட்டத்துக்கும் ஈமானுக்கும் இடையில் நிறுத்தப்படுவாள். கட்டாயத்தை நாம் எதிர்ப்பதற்கு இதுவே போதிய காரணம். விரும்பிச் செல்பவளோ இவற்றையெல்லாம் தானே எடைபோட்டு, தனக்கு இயலும் துறையைத் தேர்ந்துகொள்வாள். ராணுவ மருத்துவம், செவிலியம், சட்டம், கல்வி என்று துறைகள் பல உள்ளன. அவளுக்கு வேண்டியது தகவலும் துணையும். நம் ஜமாஅத்துகளில் கல்வி உதவிக்கு விண்ணப்பம் வாங்குகிறோம், என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வின்றி நேரடியாக நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வழி உண்டு என்பதை எத்தனை வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

இன்னொன்று. பெண் வீட்டை விட்டு வெளியே தங்கக் கூடாது, உடல் வருந்த உழைக்கக் கூடாது என்று நாம் முன்கூடத்தில் அமர்ந்து பேசுகிறோம். தேவாரத்திலும் போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் சாலையோரம் நின்று பாருங்கள். ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் பெண்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் காய் பறித்து, இருட்டிய பின் இறங்குகிறார்கள். அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்தியை இப்பள்ளத்தாக்கில் கேட்காதவர் இல்லை. அன்று நாம் குடித்த தேநீரின் ஏலம் அவர்கள் பறித்தது. அவர்களிடம் யாரும் மார்க்கம் பேசுவதில்லை, சமத்துவமும் பேசுவதில்லை. வறுமை விதிக்கும் அந்தச் சேவைக்கு எந்தச் சட்டத்திலும் பெயரில்லை. பெண்கள் நாட்டுக்கு இரண்டு ஆண்டுகள் தரவில்லையே என்று கணக்குப் பார்ப்பவர்கள் இந்த ஜீப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

வலீமா முடிந்து மூன்றாம் நாள், மாமு குடும்பம் ஊர் திரும்புமுன் மீண்டும் அதே வீட்டில் கூடினோம். உம்மு ஹராம் (ரலி) அவர்கள் துஆ கேட்டுப் பெற்ற செய்தியைப் பெரியத்தாவிடம் நாம் எடுத்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கேம்ப்பு எங்க நடக்குது? பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனியா தங்குறதுக்கு எடம் இருக்கா? கூட டீச்சர் வர்றாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். பெண் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாப் பதில்களும் அவளிடம் முன்பே ஆயத்தமாக இருந்தன. கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

படிவத்தில் அவள் அத்தா கையொப்பமிட்டார். முழு மனத்தோடு இட்டார் என்று சொல்ல முடியாது. முகாமிலிருந்து தினமும் மஃரிபுக்குப் பின் தொலைபேசியில் பேச வேண்டும் என்பது நிபந்தனை. மாமியின் மகன் அடுத்த மாதம் படைமுகாமுக்குப் போகிறான். அவனுக்காகத் துஆ செய்யுமாறு எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார் மாமி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகாமுக்குப் போகும் பெண்ணிடம் பூட்ஸ் கடித்துக் கொப்புளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பையன் விளக்கிக்கொண்டிருந்தான்.